கை நடுங்குவதற்கு முன்னால்

சாய்வு நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வலது கை நாற்காலிச் சட்டத்தின்மேல் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிறது என்று நாம் சொல்கிறோமே தவிர, அது சும்மா இருப்பதில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு மாத்திரையை இடைவிடாமல் உருட்டிக்கொண்டே இருக்கின்றன. காப்பித் தம்ளரை எடுப்பதற்காகக் கையை நீட்டினால் நடுக்கம் சற்று ஓய்கிறது. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை ஓயவிட்டால், நடுக்கம் மறுபடியும் தொடங்குகிறது. வீட்டில் உள்ளவர்கள், "வயதாகிவிட்டதல்லவா?" என்று சொல்லி விஷயத்தை அத்துடன் முடித்துவிடுகிறார்கள். சில மாதங்களுக்குப் பிறகு வைத்தியர் பார்த்துவிட்டு, "இது பார்க்கின்ஸன் வியாதி" என்கிறார். அன்றிலிருந்து குடும்பத்தார் வியாதியின் வயதைக் கணக்கிட ஆரம்பிக்கிறார்கள். "போன தை மாதத்தில் வந்தது" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறார்கள்.

இந்த வாரம் வாசகர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்றுதான். வியாதி போன தை மாதத்தில் வரவில்லை. அது பத்து வருஷத்துக்கு முன்பே வந்திருக்கலாம். அதற்கும் முன்னால் வந்திருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. கை நடுங்கிய தினம் வியாதி பிறந்த தினமல்ல. அது வாசற்படிக்கு வந்து தலையை நீட்டிய தினம். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே மூளையின் ஜீவ அணுக்களில் சத்தம் போடாமல் சில மாறுதல்கள் நிகழ்ந்துகொண்டிருந்தன.

இது வைத்திய நிபுணர்களின் மகாநாட்டில் பேசவேண்டிய சங்கதியாயிற்றே, நம் வீட்டுக் கூடத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2019-ஆம் வருஷத்தில் போட்ட கணக்கின்படி உலகத்தில் 85 லட்சம் பேருக்கு மேல் இந்த வியாதி இருந்தது. பெரும்பாலும் முதுமையில் வருவது. எனினும் சிலருக்கு 50 வயதுக்கு முன்பே வருகிறது. அத்தனை குடும்பங்களிலும், கை நடுங்குவதற்கு முன் எத்தனையோ வருஷங்களில் நேர்ந்த மனத்தாங்கல்களில் சிலவற்றுக்கு இந்தச் சத்தமில்லாத மாறுதல்களே காரணமாக இருந்திருக்கக்கூடும். அதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் வியாதியைக் கண்டு சொன்னவரைப் பற்றிச் சொல்லுவோம்.

* * *

ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1755-ஆம் வருஷத்தில் பிறந்தவர். லண்டனை அடுத்த ஹாக்ஸ்டனில் வைத்தியம் செய்து வந்தார். நோயாளிகளின் நாடியைப் பார்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. தேசத்தின் நாடியையும் பார்த்தார். சாமானிய ஜனங்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று புனைபெயரில் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரை விஷ அம்பு எய்து கொல்லச் சதி நடந்ததாக ஒரு வழக்குக் கிளம்பியபோது, 1794-இல் பிரிவி கவுன்ஸில் அவரையும் அழைத்து விசாரித்தது. ராஜாங்கத்துக்குப் பிடிக்காத மனிதர்களால் உலகத்துக்கு நன்மை விளைவது புதிதல்ல.

இவர் 1817-ஆம் வருஷத்தில், தமது 62-ஆம் வயதில், நடுக்கு வாதத்தைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளைப் பற்றி மட்டுமே எழுதினார். அவர்களிலும் சிலர் அவருடைய வைத்தியசாலைக்கு வந்தவர்கள் அல்ல. வீதியில் நடந்து போனவர்கள். முன்னால் குனிந்த உடம்பு, விழப்போகிறவரைப் போல் ஓட்டமும் நடையுமாகப் போகிற கால், ஓய்ந்திருக்கும்போது நடுங்குகிற கை ஆகிய இவற்றையெல்லாம் கண்ணால் கண்டே அவர் எழுதினார். அந்த நூலில் அவர் சொன்ன ஒரு விஷயம் நம் கவனத்துக்கு உரியது. இந்த வியாதியின் முதல் அடிகள் மிக மெல்லியவை, ஆகையால் அது எப்போது தொடங்கிற்று என்று நோயாளிக்கே நினைவிராது என்று அவர் எழுதி வைத்தார். வியாதி உடம்பில் எந்த இடத்தைப் பற்றியது என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குறையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, இறந்தவர்களின் உடலைப் பரிசோதிக்கும் நிபுணர்கள் இதை ஆராயவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். சில பல வருஷங்கள் கழித்து, பாரிஸ் நகரில் ஸால்பெட்ரியேர் ஆஸ்பத்திரியின் புகழ்பெற்ற வைத்தியரான ஷார்க்கோ, வியாதிக்குப் பார்க்கின்ஸனின் பெயரையே சூட்டவேண்டும் என்றார். இந்த வியாதி உள்ளவர்கள் எல்லோருக்குமே நடுக்கம் இருப்பதில்லை என்பதையும், அசைவுகள் மந்தமாவது வேறு, பலம் குறைவது வேறு என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

வியாதியின் இருப்பிடம் அகப்படுவதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஜெர்மானியரான பிரெடரிக் லூயி 1912-இல் நோயாளிகளின் மூளையைப் பூதக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, சில நரம்பணுக்களுக்குள் இருக்கக் கூடாத சின்னஞ்சிறு உருண்டைகள் இருக்கக் கண்டார். பிறகு 1919-இல் பாரிஸில் ட்ரெட்டியாகோப் என்பவர் நடு மூளையில் உள்ள ஒரு கருநிறத் திட்டை ஆராய்ந்தார். சாதாரண மனிதரின் மூளையில் அந்தத் திட்டு மை பூசினாற்போல் கறுத்திருக்கும். நோயாளிகளின் மூளையிலோ அது வெளிறிப்போயிருந்தது. கருநிறம் கொண்ட நரம்பணுக்கள் மாண்டுபோயிருந்தன. மிஞ்சியிருந்தவற்றில் லூயி கண்ட உருண்டைகள் இருந்தன. "லூயி உருண்டைகள்" என்று பெயர் வைத்தவரும் ட்ரெட்டியாகோப்தான்.

அந்த அணுக்கள் என்ன காரியம் செய்துகொண்டிருந்தன? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்த கதையில் நம் நாட்டுக்கும் சிறிது பங்கு உண்டு. நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த சர்ப்பகந்தி வேரை, ரத்த அழுத்தத்துக்கும் சித்தப் பிரமைக்கும் உகந்த மருந்து என்று கல்கத்தாவைச் சேர்ந்த ஸென், போஸ் என்ற இருவர் 1931-இல் நவீன உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். அந்த வேரின் சத்தை 1952-இல் ஸ்விட்ஸர்லாந்தில் பிரித்தெடுத்து ரெஸர்ப்பைன் என்று பெயரிட்டார்கள். ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி ஆர்விட் கார்ல்ஸன் 1957-இல் ரெஸர்ப்பைனை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு கல்லாய்ச் சமைந்துவிட்டன. லெவோடோபா என்ற வேறொரு பொருளை ஊசி மூலம் ஏற்றியதும் அவை விழித்தெழுந்து துள்ளத் தொடங்கின. மூளையில் டோபமைன் என்ற பொருள் வற்றிப்போனால் அசைவு நின்றுபோகும், லெவோடோபா மூளைக்குள் சென்று டோபமைனாக மாறி அசைவைத் திருப்பித் தருகிறது என்று இதிலிருந்து தெரிந்தது. வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பவர் 1960-இல், பார்க்கின்ஸன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டார். அமெரிக்காவில் கோட்ஸியாஸ் 1967-இல், லெவோடோபாவைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பெரிய அளவில் வாய்வழியாகக் கொடுத்து நல்ல பலன் கண்டார். கார்ல்ஸனுக்கு 2000-ஆம் வருஷத்தில் நோபல் பரிசு கிடைத்தது.

இதே லெவோடோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்ததாக 1937-ஆம் வருஷத்திலேயே சென்னையிலிருந்து தாமோதரன், ராமஸ்வாமி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள் என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். ஆனால் பெருமை வேறு, வைத்தியம் வேறு. கடையில் விற்கும் பூனைக்காலிப் பொடியை வாங்கித் தாமாகவே சாப்பிடுவது ஆபத்து. அதில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஏற்கெனவே சாப்பிடுகிற மருந்தோடு அது சேர்ந்தால் அளவு மிஞ்சிப்போகும்.

* * *

லெவோடோபா இன்றளவும் மிகச் சிறந்த மருந்தாக இருந்து வருகிறது. நாற்காலியைவிட்டு எழுந்திருக்க முடியாதவர்களை அது எழுந்து நடக்க வைத்திருக்கிறது. ஆனால் வற்றிய குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிற வேலையைத்தான் அது செய்கிறது. குளத்தின் ஊற்றுக்கண் அடைபட்டுக்கொண்டே போவதை அது தடுப்பதில்லை. அணுக்கள் சாவதை நிறுத்துவதாக நிரூபணமான மருந்து எதுவும் இன்னும் வரவில்லை. ஆகையால்தான் ஆராய்ச்சியாளர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். செத்துப்போன அணுவைப் பார்த்து என்ன பயன்? சாவதற்கு முன்னால் அதற்கு என்ன நேர்ந்தது?

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றில் அந்தக் கருநிறத் திட்டில் உள்ளவை இரு பக்கத்திலும் சேர்ந்து சில லட்சமே. கை முதன்முதலாக நடுங்குகிற தினத்தில் இந்தச் சில லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையில் போய்விட்டிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவை டோபமைனைக் கொண்டு சேர்க்கும் கிளை நுனிகளின் நஷ்டம் இன்னும் அதிகம். பாதிக்கு மேல் போயிருக்கும். அப்படியானால் அதுவரையில் வெளியே ஏன் ஒன்றும் தெரியவில்லை?

தேர்த் திருவிழாவில் வடம் பிடிப்பவர்களைப் பார்த்தால் இது விளங்கும். நூறு பேர் இழுக்கிற வடத்திலிருந்து பத்துப் பேர் நழுவிப் போனால் தேர் நின்றுவிடாது. மற்றத் தொண்ணூறு பேரும் இன்னும் சிறிது மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பார்கள். இருபது பேர் போனாலும், முப்பது பேர் போனாலும் அப்படியே. கரையில் நின்று பார்ப்பவர்களுக்குத் தேர் அசைந்து வருவதுதான் தெரியுமே தவிர, இழுப்பவர்களின் தோள் கன்றிப்போவது தெரியாது. கடைசியில் ஒரு மூலையில் தேர் திரும்பமாட்டாமல் நிற்கும்போது, "இந்த மூலையில்தான் ஏதோ ஆகிவிட்டது" என்பார்கள்.

அந்தத் தோள் கன்றுதல்தான் இப்போது ஆராயப்படுகிறது. கருநிறத் திட்டில் உள்ள நரம்பணு மிகவும் சிரமப்பட்டு வாழ்கிற அணு. இருதயம் துடிப்பதுபோல் அது பிறர் தூண்டாமலே தானே துடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுண்ணாம்புச் சத்து அதற்குள் புகுகிறது. அதை வெளியேற்றச் சக்தி வேண்டும். அதன் கிளைகளோ ஆலமரத்தையும் தோற்கடிப்பவை. ஒரே ஓர் அணு பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களில் மற்ற அணுக்களோடு தொடர்பு கொள்ளுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தனைக்கும் வேண்டிய சக்தியைத் தருகிற அடுப்புகள் அணுவுக்குள்ளேயே உண்டு. அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். எப்போதும் கொழுந்துவிட்டு எரிகிற அடுப்பு சீக்கிரம் விரிசல்விடும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியாததல்ல.

இந்த அடுப்பு அணைந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு பயங்கரமான விபத்து காட்டிற்று. காலிபோர்னியாவில் 1982-ஆம் வருஷத்தில் போதை மருந்துப் பழக்கம் உள்ள சில இளைஞர்கள், யாரோ தவறாகத் தயாரித்த ஒரு சரக்கை ஊசி போட்டுக்கொண்டார்கள். சில தினங்களில் அவர்கள் முற்றிய பார்க்கின்ஸன் நோயாளிகளைப்போல் உறைந்து போனார்கள். அந்தச் சரக்கில் கலந்திருந்த ஒரு விஷம் கருநிறத் திட்டின் அணுக்களுக்குள் புகுந்து, அவற்றின் அடுப்புகளை அணைத்துவிட்டது என்று லாங்ஸ்டன் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்தார்கள். பிறகு 1998-இல் ஜப்பானியர்கள், இளமையிலேயே இவ்வியாதி வருகிற சில குடும்பங்களில் ஒரு பரம்பரைக் கூறு பழுதுபட்டிருப்பதைக் கண்டார்கள். விரிசல்விட்ட அடுப்புகளை அப்புறப்படுத்துவதற்கு வேண்டிய கூறு அது. உடைந்த அடுப்பு அகற்றப்படாமல் அங்கேயே புகைந்துகொண்டிருந்தால் வீடு என்ன ஆகும்?

இரண்டாவது மாறுதல் ஆல்பா ஸினூக்ளின் என்ற ஒரு புரதத்தைப் பற்றியது. நரம்பணுவின் கிளை நுனிகளில் இது சாதுவாக இருந்துகொண்டு, செய்தியை அனுப்புகிற வேலைக்கு உதவி வருகிறது. 1997-ஆம் வருஷத்தில் இரண்டு செய்திகள் வெளியாயின. இத்தாலியிலும் கிரீஸிலும் சில குடும்பங்களில் பரம்பரையாக வந்த பார்க்கின்ஸன் வியாதிக்கு இந்தப் புரதத்தின் கூறில் ஏற்பட்ட ஒரு சிறு பிழையே காரணம் என்பது ஒன்று. லூயி உருண்டைகள் பெரும்பாலும் இந்தப் புரதத்தாலேயே ஆனவை என்பது மற்றொன்று. சாதுவான புரதம் ஏதோ காரணத்தால் தவறாக மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திரள் திரளாகச் சேர்ந்துவிடுகிறது.

அதைவிட மோசமான குணம் ஒன்று அதற்கு உண்டு. தவறாக மடிந்த புரதம், சரியாக இருக்கிற புரதத்தையும் தன்னைப்போல் ஆக்கிவிடுகிறது. ஒரு சொட்டு உறைமோர் ஒரு பாத்திரம் பாலைத் தயிராக்கிவிடுகிறதல்லவா? அதேபோலத்தான். இதற்குச் சாட்சி 2008-இல் கிடைத்தது. பல வருஷங்களுக்கு முன் சில நோயாளிகளின் மூளையில் புதிய இளம் நரம்பணுக்களை வைத்துச் சிகிச்சை செய்திருந்தார்கள். அவர்கள் இறந்த பின் பார்த்தபோது, புதிதாக வைத்த அந்த அணுக்களில் சிலவற்றுக்குள்ளும் லூயி உருண்டைகள் இருந்தன. பழைய பாத்திரத்தின் உறை புதிய பாத்திரத்துக்குத் தாவியிருந்தது.

எங்கிருந்து தொடங்குகிறது இந்த உறைதல்? ஜெர்மனியில் ஹைகோ பிராக்கும் அவருடைய சகாக்களும் பல மூளைகளை வரிசையாகப் பரிசோதித்து 2003-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அநேகரிடத்தில் முதல் மாறுதல்கள் கருநிறத் திட்டில் தோன்றவில்லை. வாசனையை உணர்த்துகிற நரம்புப் பகுதியிலும், குடலுக்குச் செல்லும் நரம்பு புறப்படுகிற மூளையின் அடித்தண்டிலும் தோன்றின. அங்கிருந்து படிப்படியாக மேலே ஏறி, நடு வழியில்தான் கருநிறத் திட்டை அடைகின்றன. எல்லா நோயாளிகளுக்கும் இந்த வரிசை பொருந்துவதில்லை என்பதும் உண்மை. எனினும் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். லூயி 1912-இல் தமது உருண்டைகளை முதன்முதலில் கண்ட இடங்களில் ஒன்று, குடலுக்குச் செல்லும் அந்த நரம்பின் இருப்பிடமே! விடை 91 வருஷங்களாகக் கண்ணெதிரே இருந்தது.

மூன்றாவது மாறுதல், அணு சாவதற்கு முன் அதன் கிளை நுனிகள் பட்டுப்போவது. மரம் வேரிலிருந்து சாவதில்லை. நுனிக்கொம்பிலிருந்து காய்ந்து வருகிறது. வியாதி இன்னதென்று தெரிந்த நாலைந்து வருஷங்களுக்குள், அசைவை நடத்தும் முக்கியமான பகுதியில் டோபமைன் கிளை நுனிகள் ஏறக்குறைய முற்றிலும் போய்விடுகின்றன என்று 2013-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அப்போதும் கருநிறத் திட்டில் சில அணுக்கள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் அவை கிளையில்லாத கட்டைகள்.

லூயி உருண்டை வெகு நாள் சேர்ந்த குப்பை மேடு. அது வியாதி சென்ற வழியைக் காட்டுமே தவிர, தொடங்கிய கணத்தைக் காட்டாது. தொடக்கத்தில் சில புரதங்கள் மட்டும் ஒட்டிக்கொண்ட மிக நுண்ணிய திரள்கள் இருக்கவேண்டும் என்று வெகு காலமாக ஊகித்து வந்தார்கள். 2025-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்களும் மற்றும் சிலரும் கூடிப் புதிய ஒளிமுறையினால் மனித மூளைத் துண்டுகளில் அந்தத் திரள்களைக் கண்ணால் கண்டார்கள். நோயில்லாத முதியவர்களின் மூளையிலும் அவை இருந்தன. நோயாளிகளின் மூளையிலோ அவை அதிகமாகவும் பெரிதாகவும் பிரகாசமாகவும் இருந்தன. ஆரோக்கியத்துக்கும் வியாதிக்கும் இடையே சுவர் ஒன்றும் இல்லை. ஒரு சரிவுதான் இருக்கிறது போலும்!

* * *

இனி நம் வீட்டுக் கூடத்துக்குத் திரும்புவோம். மேலே சொன்ன மாறுதல்கள் உள்ளே நடக்கும்போது, வெளியே அடையாளம் எதுவுமே இல்லையா? இருக்கிறது. நாம்தான் அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறோம்.

"ரஸத்துக்குப் பெருங்காயம் போடவில்லையா?" என்று தாத்தா தினந்தோறும் கேட்கிறார். பாட்டிக்குக் கோபம் வருகிறது. ஐம்பது வருஷமாகச் சமைத்துப் போட்டவளை இப்போது குறை சொல்கிறாரே என்று கண்ணீர் விடுகிறாள். உண்மையில் அவருடைய மூக்குக்கு வாசனை தெரிவது நின்றுபோயிருக்கலாம். அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். இரவில் அவர் தூக்கத்தில் கத்துகிறார், கையை வீசி அடிக்கிறார், கனவில் யாருடனோ சண்டை போடுகிறார். "கெட்ட சொப்பனம்" என்று நாம் திருநீறு இட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம். வெளியூரில் இருக்கும் மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகிறது. "அப்பா காகிதத்தில் சிக்கனம் பிடிக்கிறார்" என்று மகன் சிரிக்கிறான். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசுவதில்லை. முகத்தில் சிரிப்புக் குறைகிறது, குரல் தணிகிறது. "மாமனாருக்கு என்மேல் என்ன கோபமோ?" என்று மருமகள் உள்ளுக்குள் குமைகிறாள். கோபம் ஒன்றுமில்லை, முகத்தின் தசைகள்தாம் மனத்தின் சொல்லைக் கேட்பதில்லை. மலச்சிக்கலைப் பற்றியோ யாரும் வைத்தியரிடம் பேசுவதே கிடையாது.

வாசகர்கள் உடனே பயந்துபோய்த் தங்கள் வீட்டு முதியவர்களை எடை போடத் தொடங்கவேண்டாம். ஜலதோஷத்தாலும் வாசனை போகும். மலச்சிக்கல் இல்லாத வீடு எது? பொருளைப் பிடிக்கும்போது மட்டும் கை நடுங்குவது பெரும்பாலும் வேறு காரணத்தால் ஏற்படுவது. இவற்றில் ஒன்று இருப்பதனால் பார்க்கின்ஸன் வியாதி என்று அர்த்தமல்ல. ஆனால் பல சேர்ந்து வருவதும், முக்கியமாகத் தூக்கத்தில் கனவை நடித்துக் காட்டுவதும் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. இந்தத் தூக்க வியாதியை அமெரிக்காவில் மின்னஸோட்டாவைச் சேர்ந்த வைத்தியர்கள் 1986-இல் எடுத்துரைத்தார்கள். அவர்கள் கவனித்து வந்த 29 ஆண்களில் 11 பேருக்குப் பிற்பாடு பார்க்கின்ஸன் வகை வியாதி வந்துவிட்டது என்று 1996-இல் தெரிவித்தார்கள். மற்றவர்களிலும் பெரும்பாலோருக்குப் பின்னர் இவ்வகை வியாதிகள் வந்தன.

வீட்டில் உள்ளவர்களின் கவனம் எத்தனை கூர்மையாக இருக்க முடியும் என்பதற்கு ஜாய் மில்ன் என்ற ஸ்காட்லாந்து மாதரசியே உதாரணம். நர்ஸாக வேலை பார்த்த அவர், தம் கணவரின் உடம்பிலிருந்து ஒரு புதுவிதமான வாடை வருவதை, வியாதி தெரிவதற்குப் பத்து வருஷங்களுக்கு மேல் முன்பே உணர்ந்தார். பிறகு நோயாளிகள் கூடியிருந்த ஓர் இடத்தில் எல்லோரிடமும் அதே வாடை வீசுவதைக் கண்டு, எடின்பரோவில் உள்ள ஆராய்ச்சியாளரிடம் சொன்னார். அவர்கள் 12 பேர் அணிந்த சட்டைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஆறு பேர் நோயாளிகள், ஆறு பேர் நோயற்றவர்கள். அம்மையார் நோயாளிகள் அறுவரையும் சரியாகச் சொன்னார். நோயற்றவர் ஒருவரையும் நோயாளி என்றார். ஒரு பிழைதானே என்று விட்டுவிட்டார்கள். எட்டு மாதம் சென்றதும் அந்த ஏழாவது மனிதருக்கு வியாதி இருப்பதாகத் தெரியவந்தது!

உறைமோர் உவமையைச் சொன்னோம் அல்லவா? அதையே இப்போது பரிசோதனையாக மாற்றிவிட்டார்கள். முதுகெலும்பிலிருந்து எடுத்த நீரைச் சரியான புரதம் உள்ள குழாயில் விடுவார்கள். தவறாக மடிந்த புரதம் அதில் துளி இருந்தாலும் குழாயில் உள்ளது முழுவதும் உறைந்துவிடும். 1,123 பேரிடம் செய்த இச்சோதனையின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 88 பேரை அது கண்டுபிடித்தது. நடுக்கம் முதலியன இல்லாமல், வாசனை இழந்தோ தூக்க வியாதியோடோ இருந்தவர்களிலும் நூற்றுக்கு 86 பேரிடத்தில் உறைதல் காணப்பட்டது.

இங்கேதான் ஒரு கஷ்டமான கேள்வி எழுகிறது. தடுத்து நிறுத்த மருந்து இல்லாதபோது, வரப்போகிற வியாதியை முன்கூட்டி அறிந்து என்ன செய்வது? பத்து வருஷம் நிம்மதியாக இருக்கவேண்டியவரின் நிம்மதியைக் கெடுப்பது தர்மமா? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட நாம் தயாராயில்லை. தமக்கு வரப்போவதைத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒருவருக்கு இருப்பதைப்போலவே, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமையும் உண்டு. வீட்டார் அதை அவருக்காகத் தீர்மானிக்கக்கூடாது.

ஆனால் மற்றொரு பக்கமும் இருக்கிறது. ஆல்பா ஸினூக்ளினை எதிர்த்துத் தயாரித்த இரண்டு மருந்துகளின் பரிசோதனை முடிவுகள் 2022-இல் வெளியாயின. இரண்டுமே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. வியாதி தெரிந்து அதிக காலம் ஆகாதவர்களுக்குத்தான் அவற்றைக் கொடுத்தார்கள். ஆனால் அந்த "ஆரம்ப" நோயாளிகளின் அணுக்களிலும் பெரும் பகுதி ஏற்கெனவே போயிருந்தது என்பதை மறக்கலாகாது. மருந்து பயனற்றதா, அல்லது காலம் கடந்து கொடுக்கப்பட்டதா? வடம் அறுந்த பிறகு ஆள் சேர்த்துப் பயன் என்ன? முதல் மாறுதல்களின்போதே நோயை அறியக் கற்றுக்கொண்டால்தான், நோயைத் தடுக்கிற மருந்து ஒன்று உண்டா என்று நியாயமாகச் சோதிக்கவே முடியும். ஆராய்ச்சியாளர்கள் இதில் காட்டும் அவசரத்துக்கு அதுவே காரணம்.

அதுவரையில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அடையாளங்கள் பல சேர்ந்து கண்டால் நரம்பு நிபுணர் ஒருவரிடம் காட்டுவது முதலாவது. வியாதி இன்னதென்று தெரிந்தபின் மருந்தை வேளை தவறாமல் கொடுப்பதும், தாமாக நிறுத்தாமல் இருப்பதும் இரண்டாவது. நடை, தேகப் பயிற்சி ஆகியவற்றை விடாமல் செய்வது மூன்றாவது. அவை அசைவையும் நிலைகொள்ளும் திறமையையும் மேம்படுத்துகின்றன என்பதில் சந்தேகமில்லை. வியாதியின் வேகத்தையே குறைக்குமா என்பதை ஆராய்ந்து வருகிறார்கள்.

நாலாவது செய்யவேண்டியதற்கு நிபுணர் எவரும் தேவையில்லை. வியாதியின் முதல் அடிகள் மிக மெல்லியவை என்று பார்க்கின்ஸன் எழுதி 200 வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. அந்த அடிச்சுவடுகள் எங்கே விழுகின்றன என்பது இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது. அவை மூளையில் மட்டும் விழவில்லை. நம் கூடத்திலும் அடுக்களையிலும் விழுகின்றன. ஆகையால், ரஸத்துக்குப் பெருங்காயம் போடவில்லையா என்று தாத்தா நாளைக்கும் கேட்டால், பாட்டி கோபித்துக்கொள்வதற்கு முன் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்து அவர் மூக்கின் அருகில் திறந்து காட்டட்டும். வாசனை தெரிந்தால் சண்டையைத் தாராளமாகத் தொடரலாம். தெரியவில்லை என்று அவர் சொன்னால், அந்த வீட்டில் ஐம்பது வருஷத்துச் சமையலைப் பற்றிய வழக்கு அன்றோடு தள்ளுபடியாகிவிடும். பேச வேண்டிய விஷயம் வேறு என்பதும் விளங்கிவிடும்.